பன்றிக்குக் கேட்காத வண்டி

அக்டோபர் 6, திங்கள்

இன்று காலை பதினொன்றே காலுக்கு நொச்சிக்கரடு வனவர் அலுவலகத்துக்கு இரண்டு மின்சார பைக்குகள் வந்து சேர்ந்தன.

இலாகா டைரியில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அது மாதக் கடைசியில் ரேஞ்சருக்குப் போவது. மீதியை இந்த நோட்டில் எழுதலாம் என்று இருக்கிறேன். ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. தெய்வநாயகம் என்று ஒரு வனவர் இருந்தான், அவன் காலத்தில் இது நடந்தது என்று எங்காவது இருக்கட்டும்.

விஷயம் இதுதான். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் தின்று தீர்க்கிறது என்று விவசாயிகள் மூன்று வருடமாக மறியல் செய்தார்கள். இப்போது காட்டைவிட்டு வெகுதூரம் வந்த பன்றியை இலாகாவே சுடலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஜீப்பில் போனால் சத்தம் கேட்டு ஓடிவிடுகிறது. அதனால் சத்தமே இல்லாத வண்டி. தடித்த டயர், பச்சையும் பழுப்புமாகப் பெயிண்ட். சரகத்தில் துப்பாக்கிப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவன் நான் ஒருவன் என்பதால் வண்டிகள் எனக்கு. பயிற்சி இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அப்போது சுட்டது அட்டையை.

வண்டிகளுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தோம். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். இடுப்பு வலி இருந்ததால் இருதயராஜ் ஓட்டினான். அவனுடைய பதவியின் பெயர் வேட்டைத் தடுப்புக் காவலர். இனி அவனும் என்னோடு வேட்டைக்கு வருவான். பதவியின் பெயரை மாற்ற வேண்டுமா என்று ரேஞ்சரிடம் போனில் கேட்டேன். எழுத்தில் கேட்கச் சொன்னார்.

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வந்த சடையாண்டி போகாமல் ஓரமாக நின்றான். ஆகஸ்டில் நான் பிடித்த ஆள். பம்புசெட்டிலிருந்து வயர் இழுத்து நிலக்கடலையைச் சுற்றி மின்வேலி போட்டு ஒரு பன்றியைக் கொன்றவன். ஜாமீனில் இருக்கிறான், தினமும் காலை பத்து மணிக்கு என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, "இதுக்கு எங்க சார் சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்டான். வண்டி கொண்டுவந்த அதிகாரி அவனை யார் என்று விசாரித்தார். குற்றவாளி என்றேன். அப்படியானால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

அக்டோபர் 7

அவன் கேட்டது சரிதான். எங்கள் அலுவலகத்தில் மின்சாரம் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

அலுவலகம் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. கூரையில் ஒரு சூரிய ஒளித் தகடு, அதில் இரண்டு பல்பு. மின்கம்பம் நட வேண்டுமென்றால் கம்பி வன நிலத்தைத் தாண்டி வர வேண்டும். அதற்கு வனத்துறையின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். வனத்துறை நாங்கள்தான். கோப்பு ஆறு வருடமாக எங்களிடமே நிலுவையில் இருக்கிறது. ஒருமுறை நானே ஒரு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று இன்று தேடும்போது தெரிந்தது.

வண்டிக்கான சுற்றறிக்கையும் வந்தது. பதினோரு பக்கம். துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், உறை ஏழு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும், குழல் பின்னோக்கி இருக்க வேண்டும். தோட்டாக்கள் துப்பாக்கி இருக்கும் வண்டியில் இருக்கவே கூடாது, அடுத்த வண்டியில் பூட்டிய பெட்டியில் வர வேண்டும். வண்டியை ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் தோட்டா நிரப்பலாம். காலை ஐந்து முதல் ஏழு வரைதான் சுடலாம். பன்றி வருவது ராத்திரியில் என்பது பதினோரு பக்கத்தில் எங்கும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு பைக்கையும் டீசல் ஜீப்பில் ஏற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ரேஞ்ச் ஆபீசுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டோம். மாலை திரும்பக் கொண்டுவந்தோம். இப்படித் தினமும் செய்தால் புகையில்லாத வண்டி என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று இருதயராஜ் சொன்னான். ரேஞ்சர் அர்த்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீட்டர் ஓடுகிறது, இனி இங்கே கொண்டுவராதீர் என்றார். உள்ளூரில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமாம். என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகள் அப்படித்தான்.

அக்டோபர் 15, புதன்

உள்ளூரில் ஏற்பாடு ஆகிவிட்டது.

மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் மும்முனை மின்சாரம் ஒழுங்காக வருவது சடையாண்டியின் பம்புசெட்டில்தான். வயரிங் வேலையும் அவனுக்குத்தான் நன்றாக வரும். அதற்கு என்னுடைய குற்றப்பத்திரிகையே சாட்சி. பம்பு ரூமில் ஈரம், அதனால் வண்டிகளை அவனுடைய மாட்டுக் கொட்டகையில் நிறுத்தி, அங்கே வரைக்கும் வயர் இழுக்க வேண்டியிருந்தது. நாற்பது மீட்டராவது வேண்டும். எங்கள் ஸ்டோரில் சரியாக நாற்பது மீட்டர் வயர் ஒன்று இருந்தது.

அது ஆகஸ்டில் அவனிடமிருந்து நான் கைப்பற்றியது. வழக்குச் சொத்து எண் ஒன்று என்று அட்டை கட்டியிருந்தது. வயர் வயர்தானே சார், கேஸ் முடிவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று இருதயராஜ் சொன்னதாக எனக்கு ஞாபகம். நான் சொன்னதாக அவன் சொல்கிறான். அட்டையை அவிழ்த்துப் பத்திரமாக மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

சடையாண்டி தன் வயரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். வாங்கி இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு பிளக் பெட்டி வைத்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். அவன் மனைவி வெள்ளைத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏன் சார், இதே மோட்டார்ல இருந்து இதே வயர இழுத்ததுக்குத்தான இவரு பத்தொம்பது நாளு உள்ள இருந்தாரு?"

அது பன்றியைக் கொல்வதற்காக இழுத்தது என்று விளக்கினேன்.

"இப்ப எதுக்கு இழுத்திருக்கு?"

எனக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

நாள் நல்லபடியாகப் போகிறது. சடையாண்டி கையெழுத்துப் போட வரும்போது சார்ஜ் ஏறிய வண்டியில் வருகிறான், போகும்போது சார்ஜ் இறங்கிய வண்டியில் போகிறான். முன்னால் மூன்று கிலோமீட்டர் நடந்து வருவான். அரசு வண்டியைக் குற்றவாளி ஓட்டலாமா என்று சுற்றறிக்கையில் தேடினேன். கூடாது என்று எங்கும் இல்லை.

இன்று முதல் வேட்டை. கொண்டுபோக வேண்டிய சாமான்களைச் சுற்றறிக்கை சொல்கிறது. துப்பாக்கி, தோட்டாப் பெட்டி, கயிறு, டார்ச், அளவு நாடா, மூன்று பிரதிப் படிவங்கள், முதலுதவிப் பெட்டி, மண்வெட்டி, சுண்ணாம்பு மூட்டை, ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய். கடைசி மூன்றும் பன்றியைப் புதைக்க. யாரும் கறி எடுத்துவிடக் கூடாது. வண்டி தாங்கும் எடை நூற்றைம்பது கிலோ. நான் எண்பத்தாறு. இருதயராஜ் அறுபது. நாங்கள் இருவரும் ஏறினால் நாலு கிலோதான் மிச்சம், அது துப்பாக்கிக்கே சரி.

ஆகவே நான் ஒரு வண்டியிலும் சாமானோடு இருதயராஜ் இன்னொன்றிலும் போவதுதான் முறை. எனக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதால் அதிகாலையில் தனியாக ஓட்டுவது உசிதமில்லை. சடையாண்டிக்கு அந்தப் பக்கத்துப் பாதை தெரியும். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது பன்றிகள். நான் ஏழு கட்டுகளையும் அவிழ்த்து முடித்தபோது ஐந்து நாற்பத்தொன்று. ஒரு பன்றிகூட இல்லை. "ஒன்பது பன்றிகள் வெற்றிகரமாக விரட்டப்பட்டன" என்று இலாகா டைரியில் எழுதினேன்.

நவம்பர் 3, திங்கள்

மாவட்டத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சத்தமில்லாமல் வரும் வண்டி நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து, அதனால் எல்லா மின்சார அரசு வண்டிகளுக்கும் ஒலிப்பான் பொருத்த வேண்டும் என்று உத்தரவாம். இப்போது வண்டி நகர்ந்தால் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே போகிறது. பன்றிக்குக் கேட்கக் கூடாது என்றுதான் இந்த வண்டியே வாங்கினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பன்றிக்கு விலக்கு கேட்டு எழுதுங்கள் என்றார்.

அவர் போன பிறகு, "ஒரே ஒரு ஒயரு சார், புடுங்கி விட்ரவா?" என்று சடையாண்டி கேட்டான். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே நல்ல மேகம். திரும்பிப் பார்த்தபோது பீப் சத்தம் நின்றிருந்தது. எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 11

மழை. வண்டி சேற்றில் நகரவில்லை. பன்றி நகர்கிறது.

நவம்பர் 19, புதன்

காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைத்தான் சுடலாம். உள்ளே இருந்தால் விரட்டலாம், சுடக் கூடாது. ஜி.பி.எஸ். கருவியில் அளந்து பார்த்ததில் அந்த மூன்றாவது கிலோமீட்டர் சடையாண்டியின் மக்காச்சோளக் காட்டை நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது. மேற்குப் பாதியில் நிற்கும் பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. கிழக்குப் பாதியில் நிற்பது சுடத்தக்கது. குழப்பம் வரக் கூடாது என்று கோடு போகும் இடத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். துணி வெள்ளைத்தாயின் பழைய சேலை.

மக்காச்சோளம் இப்போது பால் பிடித்திருக்கிறது. பன்றிக்கு இதுதான் பருவம். ஏற்கெனவே மேற்குப் பாதியில் நாலு வரிசை படுத்துவிட்டது. பன்றி கதிரைத் தின்பதற்கு முன்னால் தண்டை மிதித்துச் சாய்த்துவிடுகிறது, தின்றதைவிடச் சாய்த்தது அதிகம். வெள்ளைத்தாய் சாய்ந்த தட்டைகளை மாட்டுக்கு அறுத்துக்கொண்டே, கிழக்குப் பக்கம் வரச் சொல்லிப் பன்றிக்கு நோட்டீஸ் விடலாமே என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

ஆகஸ்டில் அவன் வேலி போட்டபோது நிலக்கடலை முக்கால்வாசி போயிருந்தது என்று இன்று பேச்சுவாக்கில் சடையாண்டி சொன்னான். நான் அப்போது அந்தக் காட்டை நடந்து பார்க்கவில்லை. பன்றி செத்துக் கிடந்த இடத்தை மட்டும் அளந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். முன்னால் சடையாண்டியும் நானும். பின்னால் சாமான்களோடும் தோட்டாப் பெட்டியோடும் இருதயராஜ். நேற்றே நான் பயிற்சி செய்து கட்டுகளை இரண்டு நிமிடத்தில் அவிழ்க்கப் பழகியிருந்தேன். காற்று எதிர்ப்பக்கம். வண்டி உண்மையிலேயே சத்தமில்லாமல் போனது. டயருக்கடியில் ஈர மண் மட்டும் லேசாக நசுங்கியது. அரசாங்கம் சொன்னபடியே ஒன்று நடக்கிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிவப்புத் துணிக்குக் கிழக்கே, சட்டப்படி சுடத்தக்க இடத்தில், பதினொரு பன்றிகள். முதல் பன்றி எங்களிடமிருந்து பதினைந்து அடி. எங்களைக் கவனிக்கவே இல்லை. கதிரை முறிக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஸ்டாண்டு போட்டு, சாவி எடுத்து, ஹெல்மெட் கழற்றி, உறையை அவிழ்த்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டு, தோட்டாவுக்காகக் கையைப் பின்னால் நீட்டினேன். கையில் யாரும் எதையும் வைக்கவில்லை.

இருதயராஜ் வரவில்லை. ஒரு கிலோமீட்டர் பின்னால், பள்ளத்தில், சுண்ணாம்பு மூட்டையின் பாரம் தாங்காமல் அவனுடைய பேட்டரி இறங்கி வண்டி நின்றுவிட்டது. பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடி வந்துகொண்டிருந்திருக்கிறான்.

வெற்றுத் துப்பாக்கியோடு நான் நின்றேன். என் பக்கத்தில் சடையாண்டி நின்றான். எதிரே அவனுடைய மக்காச்சோளத்தைப் பன்றிகள் தின்றுகொண்டிருந்தன. ஐந்து நிமிடம் இருக்கும். அவன் ஒவ்வொரு முறிப்புக்கும் கண்ணை மூடித் திறந்தான். இவ்வளவு பக்கத்தில் நின்று, இவ்வளவு அமைதியாக, தன் விளைச்சல் போவதை எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். அந்த வசதியை நாங்கள்தான் செய்து கொடுத்தோம்.

"சத்தமாச்சும் போடுங்க சார்," என்றான் மெதுவாக.

அவன் ஏன் போடவில்லை என்று பிறகுதான் யோசித்தேன். ஜாமீன் நிபந்தனையில் வன விலங்குக்கு எந்த இடையூறும் செய்யக் கூடாது என்று இருக்கிறது. அதை எழுதச் சொன்னது நான்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பன்றிகள் ஓடின, பெரிய ஆண் பன்றி ஒன்று மட்டும் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று. தோட்டா இருந்திருந்தால் சுட்டிருப்பேனா என்று இருதயராஜ் கேட்டான். நிச்சயமாக என்றேன். அன்று ஏழு கட்டுகளையும் திரும்பக் கட்ட எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று இரவோடு சடையாண்டியின் காடு முடிந்தது. முக்கால் பாகம் படுத்துவிட்டது. இந்த முறை நான் முழுவதும் நடந்து பார்த்தேன்.

பயிர்ச் சேத நிவாரணத்துக்கு வெள்ளைத்தாய் மனு எழுதிக் கொண்டுவந்தாள். நிலம் கணவன் பெயரில் இருக்கிறது. வன உயிரினக் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர் நிவாரணம் பெற முடியாது என்று ஏழாவது விதி. வழக்கு யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கொட்டகையில் இருந்த இரண்டு வண்டிக்கும் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

சம்மன் வந்திருக்கிறது. ஜனவரி எட்டாம் தேதி சாட்சி சொல்ல வேண்டும். "வழக்குச் சொத்துடன் ஆஜராகவும்" என்று போட்டிருக்கிறது.

டிராயரைத் திறந்து பார்த்தேன், அட்டை பத்திரமாக இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

ரேஞ்சர் போன் செய்தார். குடியரசு தினத்தன்று எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். மாவட்டத்தில் மின்சார பைக் அதிக கிலோமீட்டர் ஓடியது எங்கள் பிரிவில்தானாம். தினமும் கையெழுத்துக்கு வந்து போனதும், நடுவே வெள்ளைத்தாய் பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டுபோனதும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. மேலும், இதுவரை நூற்று நாற்பத்து மூன்று பன்றிகள் விரட்டப்பட்டு ஒன்றுகூடச் சாகவில்லை என்பதால் விவசாயிகள் சங்கமும் விலங்கு நலச் சங்கமும் ஒருசேரத் திருப்தி என்று மேலே நினைக்கிறார்களாம். விவசாயிகள் சங்கத்தை யார் கேட்டது என்று தெரியவில்லை.

டிசம்பர் 27, சனி

இருதயராஜ் டவுனிலிருந்து நாற்பது மீட்டர் புது வயர் வாங்கி வந்தான். பழசாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு நாள் சேற்றில் போட்டு மிதித்தோம். இருவரும் மாறி மாறி. டிராயரில் இருந்த அட்டையை எடுத்து அதில் கட்டினேன். அச்சு அசல் அப்படியே இருக்கிறது. நான் ஒன்றும் பெரிய தவறு செய்துவிடவில்லை. வயர் வயர்தான். நீளமும் அதே நீளம்.

ஜனவரி 2, வெள்ளி

சடையாண்டி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றான். இலவசச் சட்ட உதவியில் அவனுக்கு ஒரு பெண் வக்கீலைக் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜ் விஷயத்தையும் வயர் விஷயத்தையும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான சார் இருக்கு. நாந்தான் வேலி போட்டேன். அது நெசந்தான?"

அவனுக்கு மூன்று வருடம் வரை கிடைக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். நான்தான் அதை ஆகஸ்டில் அவனிடம் சொன்னேன், மிரட்டுவதற்காக.

மாலையில் வெள்ளைத்தாய் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு சொல்ல மாட்டாரு. நானும் போயி வக்கீலம்மாட்ட சொல்லப் போறதில்ல. ஆனா கோர்ட்டுல உங்களக் கேட்டாங்கன்னா, நீங்க சொல்லுங்க."

கேட்க மாட்டார்கள் என்றேன். அப்படியானால் விடுங்கள் என்று போய்விட்டாள்.

ஜனவரி 7

தூக்கமில்லை. சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று ஞாபகமில்லாமல் இரண்டாவது தடவையும் போட்டுவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

கோர்ட்டில் எங்கள் வழக்கு நான்காவது. அரசு வக்கீல் காலையில் என்னைப் பயிற்றுவித்தார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஆமாம், இல்லை, ஞாபகமில்லை என்ற மூன்றில் ஒன்று. நான் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பன்றி கிடந்த இடம், அளவு, பம்பு ரூம், கைது செய்த நேரம். கைப்பற்றிய வயர் இதுதான் என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. மேசை மேல் சேறு பூசிய வயர்ச் சுருள் இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அவர் அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். "ஆகஸ்டு இருபத்தோராம் தேதி எதிரியிடமிருந்து நீங்க கைப்பற்றின வயர் இதுதானா?"

கோர்ட்டு பாஷையில் எதிரியான சடையாண்டி குற்றவாளிக் கூண்டில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எனக்காகத்தான் குனிந்துகொண்டான் என்று பட்டது. நான் ஆமாம் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

"இல்லம்மா," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் அம்மா பேனாவை வைத்தார். அப்படியானால் அந்த வயர் எங்கே என்று அவரே கேட்டார். எதிரியின் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது என்றேன். அங்கே யார் கொண்டுபோனது என்றார். நான்தான் என்றேன். எதற்கு என்றார்.

"அரசாங்க வண்டிக்குச் சார்ஜ் ஏத்துறதுக்குங்கம்மா. அதே மோட்டார்ல இருந்து."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அலுவலகத்துக்கு மின்சாரம் இல்லாதது, அட்டையை அவிழ்த்தது, புது வயரைச் சேற்றில் மிதித்தது. பன்றி வேட்டைக்கு வண்டி ஓட்டியது யார் என்று கேட்டார். எதிரிதான் என்றேன். நீங்கள் ஏன் ஓட்டவில்லை என்றார். இருபத்தெட்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

அதுவும் பதிவாயிற்று.

வெளியே வந்ததும் அரசு வக்கீல் என்னைத் தாண்டிப் போய்விட்டார். இருதயராஜ் டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை போட்ட டீ. குடித்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

மெமோ. "நீதிமன்றத்தில் கேட்கப்படாத விவரங்களையும் தாமாக முன்வந்து தெரிவித்து இலாகாவுக்கு இழுக்கு ஏற்படுத்தியது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும்." கேட்டார்கள், சொன்னேன் என்று எழுதினேன். போதாது என்று திரும்பி வந்தது. வெளியூர் மாற்றல் என்று பேசிக்கொள்கிறார்கள். பொய் வயருக்கு என்ன தண்டனை என்று மெமோவில் ஒரு வார்த்தை இல்லை. அது தவறாகவே அவர்களுக்குத் தெரியவில்லைபோல.

ஜனவரி 21, புதன்

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நேற்று சடையாண்டியை விடுதலை செய்துவிட்டார்கள். அவன் வேலி போட்டான், பன்றி செத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாஜிஸ்திரேட்டுக்கு என் மேல்தான் சந்தேகம். தீர்ப்பில் அதைத் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறாராம்.

இரண்டு வண்டியையும் ஜீப்பில் ஏற்றி எடுத்துப் போனார்கள். பக்கத்துச் சரகத்துக்கு. அங்கேயும் மின்சாரம் இல்லை என்று இருதயராஜ் சொல்கிறான்.

ஜனவரி 26

பாராட்டுச் சான்றிதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் பெயரை மட்டும் வெள்ளை மையால் அழித்து இருதயராஜுக்குக் கொடுத்தார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெய்வநாயகம் என்று தெரிகிறது.

ஜனவரி 30, வெள்ளி

மாற்றல் உத்தரவு. கடற்கரைப் பக்கம் ஒரு சவுக்கு நாற்றங்கால். "இன்று முற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." முற்பகல் என்றால் பன்னிரண்டு மணி வரை நான் நொச்சிக்கரட்டின் வனவர். அதற்கு மேல் நான் எங்கேயும் யாருமில்லை, சவுக்கில் போய்ச் சேரும் வரை. புது வனவர் அடுத்த மாதம்தான் வருகிறார்.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சடையாண்டியின் காட்டுக்கிட்டே வரும்போது வெள்ளைத்தாய் ரோட்டில் ஓடி வந்து ஆட்டோவை மறித்தாள். நல்ல வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கையில் தீர்ப்பு நகல், அதோடு டிசம்பரில் நான் திருப்பிக் கொடுத்த அதே நிவாரண மனு. வழக்கு இப்போது இல்லை. ஆனால் இந்தப் பருவத்து மனுவுக்கு நாளையோடு கெடு முடிகிறது. சேதத்தை நேரில் பார்த்தேன் என்று வனவர் எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் போட வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. நகல் கொடுக்கிற குமாஸ்தா பத்தரைக்கு வர வேண்டியவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார் என்று அவள் சொன்னாள். நான் இப்போது வனவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் சத்தியம் செய்து உண்மை பேசினேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது. ஆட்டோவின் சீட்டில் மனுவை வைத்து, மக்காச்சோளம் முக்கால் பாகம் அழிந்ததை நேரில் நடந்து பார்த்தேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நேரம் என்ற இடத்தில் காலை பதினொன்று ஐம்பது என்று போட்டேன்.

வெள்ளைத்தாய் வாங்கி, நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். நேரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்து உச்சியைத் தாண்டிவிட்ட வெயிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மணி சரியாத்தான் சார் இருக்கு," என்றாள்.